எடை குறைப்பு ஆபரேஷனுக்கு அப்புறம் வர்ற முதுகுவலிக்கு ஒரு வழி சொல்லுங்க

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கமுங்க.

எடை குறைக்கிற ஆபரேஷன் பத்தி தமிழ் பத்திரிகைங்கள்ல இப்பல்லாம் அடிக்கடி வருது, முன்னாடி ஒரு போட்டோ பின்னாடி ஒரு போட்டோ, சர்க்கரை மாத்திரை குறைஞ்சிருச்சு, மூட்டுவலி போயிருச்சு, இத்தனை கிலோ எறங்கிட்டாங்கன்னு. நல்ல விஷயந்தானுங்க, நானும் அந்த ஆபரேஷன் பண்ணிக்கிட்டு நல்லா இருக்கிறவதான், அதனால அதை குறை சொல்றதுக்காக இந்த லெட்டர் எழுதல. ஆனா அந்த ரெண்டு போட்டோவுக்கும் நடுவுல இருக்கிற மாசங்கள்ல நம்ம முதுகு படுற பாடு இருக்குதே, அதை பத்தி ஒரு வரி கூட யாரும் எழுதி நான் பாக்கல. ஆஸ்பத்திரியில குடுத்த டிஸ்சார்ஜ் பேப்பர்லயும் இல்ல. சாப்பாடு பத்தி பக்கம் பக்கமா இருக்கு, தண்ணி எப்படி குடிக்கணும்னு இருக்கு, தையல் போட்ட எடத்தை எப்படி கழுவணும்னு இருக்கு, முதுகு வலிச்சா என்ன மாத்திரை போடலாம் எதைத் தொடவே கூடாதுன்னு மட்டும் தமிழ்ல எங்கயும் இல்ல. அந்த ஒண்ணு இல்லாததால ஆளுங்களுக்கு நிஜமாவே ஆபத்து வருது, அதுக்குத்தான் எழுதறேன், கொஞ்சம் நீளமா இருந்தாலும் முழுசா படிங்க.

நான் கோபியில தையல் கடை வெச்சிருக்கேன். வருசக்கணக்கா மெஷின் மேல குனிஞ்ச முதுகு, நூறு கிலோவைத் தாண்டின உடம்பு, சர்க்கரை, ராத்திரி தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வர்றது, எல்லாமே இருந்துச்சு. குறுக்குவலின்னு எந்த டாக்டர்கிட்ட போனாலும் மொதல்ல எடைய குறைங்கன்னு ஒரே பதில்தான். நடந்தா குறையும்னாங்க, நடந்தா முட்டி வீங்குது, குறுக்கு பிடிச்சுக்குது. கடைசியா கோயமுத்தூர்ல ஒரு ஆஸ்பத்திரியில ஸ்லீவ் ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன், அதுல இரைப்பையில முக்கால் பாகத்துக்கு மேல வெட்டி எடுத்துட்டு மிச்சத்தை ஒரு குழாய் கணக்கா விட்டுருவாங்க. இன்னொரு வகை பைபாஸ், அதுல சின்னதா ஒரு பை மட்டும் மேல பிரிச்சு அதை குடலோட நேரா சேர்த்து ஒட்டுவாங்க. ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்குதுங்க, மாத்திரை விஷயம் வர்றப்ப அது முக்கியம், அப்ப சொல்றேன்.

ஆபரேஷன் முடிஞ்ச உடனே வர்ற வலி வேற, மாசங்கள் கழிச்சு வர்ற வலி வேற. மொத ரெண்டு மூணு நாள் எனக்கு வயித்தை விட தோள்பட்டையும் மேல் முதுகும்தான் வலிச்சுது, பயந்துட்டேன். லேப்ராஸ்கோப்னு சின்ன துளை வழியா விடற கேமரா குழாய் உள்ள போறதுக்கு எடம் வேணும்னு வயித்துக்குள்ள கார்பன் டை ஆக்சைடு வாயு அடிப்பாங்களாம், அதுல மிச்சம் இருக்கிறது நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல இருக்கிற உதரவிதானம்ங்கிற சதையை உறுத்தும், அதோட நரம்புக்கும் தோளுக்கும் தொடர்பு இருக்கிறதால வலி தோள்ல தெரியும்னு நர்ஸ் ஒருத்தங்க சொன்னாங்க. எந்திரிச்சு வராண்டாவுல மெதுவா நடங்கக்கா தானா போயிரும்னாங்க, அதே மாதிரி போயிருச்சு. இந்த ஒரு வாக்கியத்தை முன்கூட்டியே சொல்லியிருந்தா எத்தனை பேர் நெஞ்சுவலின்னு நெனச்சு பதறாம இருப்பாங்க.

அப்புறம் வந்ததுதான் நிஜமான பிரச்சனை. எடை மளமளன்னு எறங்குது, சேலை கட்டினா கொசுவம் ரெண்டு மடிப்பு கூட வருது, ஒறம்பரை எல்லாம் பாத்து ஆச்சரியப்படறாங்க, ஆனா குறுக்கு முன்னாடி இருந்ததை விட மோசமா வலிக்குது. காலைல படுக்கையில இருந்து எந்திரிக்க முடியல. தரையில உக்காந்தா வால் எலும்பு கல்லுல இடிக்கிற மாதிரி. பஸ்ல கோயமுத்தூர் ரிவியூவுக்கு போயிட்டு வந்தா அன்னைக்கு ராத்திரி தூக்கம் கெடையாது. எடை போனா முதுகுவலி போயிரும்னு சொல்லித்தானே பண்ணினோம்னு மனசு உடைஞ்சு போச்சுங்க, அதை வீட்ல சொல்லவும் முடியல, ஏன்னா சொன்னா உடனே "நாங்க அப்பவே வேண்டாம்னோம்"னு ஆரம்பிச்சுருவாங்க.

எங்க மாமியார் ஒரே முடிவா சொன்னது, ஆபரேஷனுக்கு முதுகுல ஊசி போட்டிருப்பாங்க கண்ணு, அதுதான் நரம்பை இழுக்குதுன்னு. பக்கத்து வீட்டு அக்காவும் அதையேதான் சொன்னாங்க. இந்த ஆபரேஷனுக்கு முழு மயக்கம் குடுத்து மூச்சுக்குழாய்ல டியூப் போட்டுதான் பண்ணுவாங்க, பிரசவ ஆபரேஷன் மாதிரி முதுகுல ஊசி போட்டு பண்றது வழக்கம் இல்ல. இதை வீட்ல புரிய வெக்கிறதுக்கே எனக்கு ரொம்ப நாள் ஆச்சு. இது சின்ன விஷயம்னு நெனைக்காதீங்க, முதுகு ஊசியாலதான்னு நம்பிட்டா அப்புறம் "அது வாழ்க்கை பூரா இருக்கும், ஒண்ணும் பண்ண முடியாது"ன்னு அப்படியே உக்காந்துருவாங்க, தேட வேண்டிய காரணத்தை தேட மாட்டாங்க.

காரணத்தை எனக்கு ஒழுங்கா சொன்னது எங்க ஊர்லயே கிளினிக் வெச்சிருக்கிற ஒரு பிசியோதெரபி தம்பிதான். அவர் சொன்னதை என் வார்த்தையில சொல்றேன். சாப்பாடு ரொம்ப குறைஞ்சு எடை வேகமா எறங்கறப்ப கொழுப்பு மட்டும் போறதில்ல, சதையும் சேர்ந்து போகும். முதுகெலும்பை நிமித்தி பிடிச்சு வெச்சிருக்கிறதே வயித்துச் சதையும் முதுகுச் சதையும் இடுப்புச் சதையும்தான், அது வலு இல்லாம போனா பாரம் பூரா எலும்பு மேலயும், எலும்புகளுக்கு நடுவுல மெத்தை மாதிரி இருக்கிற டிஸ்க் மேலயும் வந்து உக்காரும். ரெண்டாவது, முன்னாடி வயிறு இழுத்த பாரத்துக்கு ஈடு குடுக்கிறதுக்காக வருசக்கணக்கா நாம பின்னால வளைஞ்சு நடந்திருக்கோம், இப்ப வயிறு போயிருச்சு ஆனா வளைவு போகல. தையக்காரி எனக்கு அது உடனே புரிஞ்சுது, ஆள் இளைச்சிருச்சு, ரவிக்கை மட்டும் பழைய அளவுலயே இருக்கு, அங்கங்க இழுக்கத்தானே செய்யும். மூணாவது, உக்கார்ற எடத்துல மெத்தை மாதிரி இருந்த கொழுப்பு கரைஞ்சு போனதால வால் எலும்பு நேரா தரையில படுது. நாலாவது, தையல் பிரிஞ்சுருமோன்னு பயந்து மொத சில வாரம் கூனி கூனி நடந்தது அப்படியே பழக்கமாயிருச்சு. இதுல எதுவுமே நரம்பு போனதும் இல்ல, ஆபரேஷன் தோத்துப் போனதும் இல்ல. பொதுவா பாத்தா இந்த ஆபரேஷனுக்கு அப்புறம் முதுகுவலி குறையறவங்கதான் அதிகம்னும் அவரே சொன்னார், நடுவுல இப்படி ஒரு கட்டம் வரலாம், அதை கடக்க உதவி வேணும், அவ்வளவுதான்.

இப்ப நான் முக்கியமா சொல்ல வந்ததுக்கு வர்றேன். வலி மாத்திரை.

நம்ம ஊர்ல முதுகு வலிச்சா என்ன பண்ணுவோம்? மெடிக்கல்ல போய் "அண்ணா முதுகுவலிக்கு ரெண்டு மாத்திரை குடுங்க"ன்னு கேப்போம், அவரும் ஒரு வலி மாத்திரை, கூட ஒரு கேஸ் மாத்திரை, ஒரு சின்ன கவர்ல போட்டு குடுப்பாரு. அந்த வலி மாத்திரைல பெரும்பாலும் இருக்கிறது டைக்ளோபெனாக், அசெக்ளோபெனாக், ஐபுபுரோபென் மாதிரி மருந்துங்கதான். சாதாரண வயித்துக்கே புண்ணு உண்டாக்கற மருந்து இதெல்லாம். பைபாஸ் பண்ணினவங்களுக்கு இரைப்பைப் பையையும் குடலையும் சேர்த்த அந்த ஒட்டுல இந்த மாத்திரையால புண்ணு வரும், அது ரத்தம் கசியும், சில பேருக்கு ஓட்டையே விழுந்து அவசர ஆபரேஷன் வரைக்கும் போகும். அதனால பைபாஸ் ஆளுங்க இதை வாழ்நாள் முழுக்க தவிர்க்கணும்னுதான் டாக்டருங்க சொல்றாங்க. ஸ்லீவ் பண்ணினவங்களுக்கு அந்த ஒட்டு இல்லாததால ஆபத்து அதை விட கம்மி, ஆனாலும் நம்ம சர்ஜனை கேக்காம தொடக்கூடாது, எனக்கு எங்க டயட்டீஷியன் அம்மா அதைத்தான் திரும்பத் திரும்ப சொன்னாங்க, அவங்க சொல்லாம இருந்திருந்தா எனக்கும் தெரிஞ்சிருக்காது. எழுதிக் குடுக்கல, வாயில சொன்னதுதான். எல்லாருக்கும் அப்படி ஒரு டயட்டீஷியன் கெடைப்பாங்களா?

ரிவியூவுக்கு போன எடத்துல ஒரு அண்ணனை பாத்தேன், லோடு வண்டி ஓட்டறவரு, பைபாஸ் பண்ணினவரு. குறுக்குவலிக்கு மெடிக்கல்ல வாங்கி வாங்கி போட்டிருக்காரு, வேலைக்கு போயே ஆகணும்ல, வண்டிக்கு டியூ கட்டணும். ஒரு நாள் கருப்பா தார் மாதிரி வெளிக்குப் போயிருக்கு, தலை சுத்தி விழுந்துட்டாரு, ரத்தம் ஏத்தி எண்டோஸ்கோப்பி பண்ணி பாத்தா ஒட்டுல புண்ணு. அவரு என்கிட்ட சொன்னது இன்னும் காதுலயே இருக்கு: "தங்கச்சி, சோறு எத்தனை ஸ்பூன் சாப்பிடணும்னு சொன்னவங்க, இதை ஒரு வார்த்தை அழுத்திச் சொல்லியிருந்தா நான் ஏன் போடப்போறேன்?" அந்த கேள்விக்கு பதில் சொல்ல வேண்டியவங்க இருக்காங்கதானே.

இதுல இன்னும் சில விஷயம் ஜனங்களுக்கு தெரியறதில்ல. பாராசிட்டமால் தனியா இருந்தா பரவாயில்ல, அதுதான் நமக்கு மொதல்ல குடுக்கிற மாத்திரை, ஆனா பாராசிட்டமாலோட அசெக்ளோபெனாக் கலந்த மாத்திரை, ஐபுபுரோபென் கலந்த மாத்திரை எல்லாம் கடையில அதிகமா ஓடுது, "இது காய்ச்சல் மாத்திரைதான்க்கா"ன்னு குடுத்துருவாங்க. அட்டையோட பின்பக்கம் என்னென்ன மருந்துன்னு பொடி எழுத்துல இங்கிலீஷ்ல போட்டிருப்பாங்க, அதை யாராச்சும் படிச்சவங்ககிட்ட காட்டி பாத்துட்டுத்தான் வாயில போடணும். சரி மாத்திரைதானே வயித்துல புண்ணு பண்ணும், ஊசி போட்டுக்கலாம்னு சில பேர் நெனைக்கிறாங்க. அதுவும் தப்புங்க, டைக்ளோபெனாக் ஊசியா போட்டாலும் ரத்தம் வழியா போய் இரைப்பையோட பாதுகாப்பைத்தான் குறைக்கும், வேலை ஒண்ணுதான். கூட கேஸ் மாத்திரை போட்டா சரியாயிரும்ங்கிறதும் முழு பாதுகாப்பு இல்ல. ஊர்ல சிலர் விக்கிற பேர் தெரியாத மூட்டுவலி பொடி, சூரணம் இதுலயும் ஸ்டீராய்டு, வலி மருந்து கலந்து விக்கிறவங்க உண்டு, மூணே நாள்ல வலி பறந்து போச்சுன்னா அப்பவே சந்தேகப்படணும். பாராசிட்டமாலும் கணக்கு இல்லாம போடக்கூடாது, நல்லா இருக்கிற பெரியவங்களுக்கே ஒரு நாளைக்கு எல்லாம் சேத்து 4 கிராமுக்கு மேல போகக்கூடாது, நம்மள மாதிரி ஈரல்ல கொழுப்பு இருந்தவங்களுக்கு அதுவும் குறைவா இருக்கணும்பாங்க, டாக்டர்கிட்ட நமக்கு எத்தனைன்னு கேட்டு எழுதி வாங்கிக்கணும். வலி ஆயின்மென்ட் மேல தடவறது ரத்தத்துல கம்மியாத்தான் சேரும், ஆனா அதையும் ஒரு தடவை கேட்டுக்கறது நல்லது.

இன்னொரு பெரிய ஆபத்து, முதுகுல வலிக்கிறது எல்லாமே முதுகுவலி இல்ல. எடை வேகமா குறையறப்ப பித்தப்பையில கல்லு உண்டாகறது சகஜம், அதுக்காகவே பல ஆஸ்பத்திரியில மொத ஆறு மாசத்துக்கு ஒரு மாத்திரை குடுப்பாங்க, விலை ஜாஸ்தின்னு பாதியில நிறுத்தறவங்க இருக்காங்க. அந்த கல்லோட வலி வலது பக்கம் விலாவுக்கு கீழ ஆரம்பிச்சு வலது தோள்பட்டை எலும்பு வரைக்கும் பின்னால போகும், சாப்பிட்ட பின்னாடி அதிகமாகும். எங்க சொந்தத்துலயே ஒரு பொண்ணுக்கு இது வாயு பிடிப்புன்னு வேப்பெண்ணெய் காய்ச்சி தடவி, சுளுக்கு வழிக்கிறவர்கிட்ட கூட்டிப் போய் நீவிவிட்டு நாளை கடத்திட்டாங்க, மஞ்சள் காமாலை வந்த பின்னாடிதான் ஸ்கேனுக்கே போனாங்க. கணையம் வீங்கினா நடு வயித்துல இருந்து முதுகை துளைக்கிற மாதிரி வலி வரும், கூட வாந்தியும் இருக்கும். பைபாஸ் பண்ணினவங்களுக்கு சிறுநீரகக் கல்லு வர்ற வாய்ப்பும் கூடும், தண்ணி கம்மியா குடிக்கிறதும் சேர்ந்துக்கும், அது விலாப்பக்கம் பின்னால இருந்து அடிவயித்துக்கு எறங்கும். ஆபரேஷன் ஆன மொத சில வாரத்துக்குள்ள காய்ச்சல், நெஞ்சு படபடன்னு அடிக்கிறது, வயித்துவலி, இடது தோள் வலி இருந்தா தையல் எடத்துல கசிவா இருக்கலாம், திடீர்னு மூச்சுத்திணறி நெஞ்சும் முதுகும் வலிச்சா நுரையீரல்ல ரத்தக்கட்டா இருக்கலாம், இதுக்கெல்லாம் விடியட்டும்னு காத்திருக்கக்கூடாது, 108க்கு அடிச்சுட்டு கெளம்பிறணும். அதே மாதிரி காலு மரத்து போறது, பாதம் தூக்க முடியாம இழுக்கறது, உக்கார்ற எடம் உணர்ச்சி இல்லாம போறது, ஒண்ணுக்கு கட்டுப்பாடு இல்லாம போறது, இது தண்டுவட நரம்பு நசுங்கறதுக்கு அடையாளம். தொடர்ந்து வாந்தி எடுத்துட்டே இருந்து அப்புறம் காலு எரிச்சல், நடை தள்ளாட்டம், கண்ணு ரெண்டு ரெண்டா தெரியறதுன்னா அது வைட்டமின் பி1 குறைஞ்சதால வர்றது, அதுக்கு உடனே ஊசி போடணும், தாமதமானா நரம்பு சேதம் நிரந்தரமாயிரும். இதெல்லாம் ஒரு பக்கத்துல தமிழ்ல அச்சடிச்சு குடுக்க எவ்வளவு செலவாயிரும் சொல்லுங்க.

எனக்கு வலி எப்படி குறைஞ்சுதுன்னு கேக்கறவங்களுக்காக சொல்றேன், இது வைத்தியம் இல்ல, உங்க சர்ஜன் சரின்னு சொன்ன பின்னாடி செய்யறது. படுக்கையில இருந்து நேரா நிமிந்து எந்திரிக்கிறதை விட்டுட்டேன். மொதல்ல ஒருக்களிச்சு படுத்து, காலை கட்டிலுக்கு வெளிய விட்டு, கையை ஊனி எந்திரிக்கணும். மல்லாக்க படுத்தா முட்டிக்கு அடியில ஒரு தலகாணி, ஒருக்களிச்சா ரெண்டு முட்டிக்கும் நடுவுல ஒண்ணு. தரையில உக்காந்து சாப்பிடறதை நிறுத்திட்டேன், விசேஷ வீட்டுக்கு போனா கூச்சப்படாம சேர் கேட்டு வாங்கிக்குவேன், வால் எலும்பு படாத மாதிரி பின்பக்கம் வெட்டு விட்ட குஷன் கடையில கெடைக்குது, நான் பழைய பஞ்சு வெச்சு நானே தெச்சுக்கிட்டேன். தண்ணிக் குடம், கேஸ் சிலிண்டர் தூக்கறதெல்லாம் மொத ஒண்ணரை மாசம் போல வேண்டாம்னு சொல்லிட்டாங்க, எங்க வீட்டுக்காரர்தான் அதெல்லாம் பாத்துக்கிட்டாரு. வெந்நீர் ஒத்தடம் குறுக்குக்கு நல்லா கேக்குது. பெல்ட் போட்டா சுகமாத்தான் இருக்கும், ஆனா நாள் பூரா போட்டுட்டே இருந்தா சதை இன்னும் சோம்பேறியாயிரும்னு அந்த பிசியோ தம்பி பயண நேரத்துக்கு மட்டும்னு சொல்லிட்டாரு.

உடற்பயிற்சின்னா எல்லாரும் வயித்தை மடக்கி எந்திரிக்கிறதைத்தான் நெனைக்கிறாங்க, அது ஆரம்பத்துல வேண்டவே வேண்டாம், தையல் எடத்துல அழுத்தம் விழும், குடலிறக்கம் வர வாய்ப்பு இருக்கு. எனக்கு குடுத்தது ரொம்ப சாதாரணமானது. மல்லாக்க படுத்து முட்டிய மடக்கி குறுக்கை தரையோட அழுத்தி விடறது, அது நல்லா பழகின பின்னாடி இடுப்பை மட்டும் கொஞ்சம் மேல தூக்கி எறக்கறது, சுவத்துல முதுகை ஒட்டி நிக்கிறது, அப்புறம் நடை. நடையும் ஒரே மூச்சுல இல்ல, காலைல கொஞ்சம் பொழுதோட கொஞ்சம். மெஷினுக்கு மோட்டார் மாட்டி, ஸ்டூலுக்கு பதிலா சாய்மானம் இருக்கிற சேர் போட்டு, மேசை உயரத்தை கூட்டினேன், அரை மணிக்கு ஒருக்கா எந்திரிச்சு நின்னு துணி வெட்டற வேலைய பாக்கறது. தீபாவளி சீசன்லயும் பாரியூர் அம்மன் கோயில் நோம்பி சமயத்துலயும் இதை கடைப்பிடிக்கிறது கஷ்டம்தான், ரவிக்கை கேட்டு வாசல்ல வந்து நிப்பாங்க, இருந்தாலும் எந்திரிச்சே ஆகணும்.

சாப்பாட்டுல புரோட்டீன் சேரலைன்னா எந்த பயிற்சியும் சதையா மாறாது. ஒரு நாளைக்கு 60 கிராமுக்கு கொறையக்கூடாதுன்னு சொல்லுவாங்க, அந்த சின்ன வயித்துல அதை எப்படி போடறது? மொதல்ல புரோட்டீன், அப்புறம்தான் மத்தது, இதுதான் வழி. முட்டை ஒண்ணுல சுமார் 6 கிராம் இருக்கு, தயிர், பன்னீர், மீன், கடைஞ்ச கொள்ளுப்பருப்பு, பச்சைப்பயறு வேக வெச்சு மசிச்சதுன்னு கொஞ்சம் கொஞ்சமா நாள் பூரா பிரிச்சு சாப்பிடணும். டப்பா பவுடர் ஆரம்பத்துல தேவைப்பட்டுது, விலைதான் கட்டுப்படியாகல.

அப்புறம் எலும்பு. வைட்டமின் டி குறைஞ்சா குறுக்கு எலும்பும் தொடையும் வலிக்கும், சதை வலு இழக்கும், நம்ம ஊர்ல இவ்வளவு வெயில் அடிச்சும் ஆபரேஷனுக்கு முன்னாடியே குறைவா இருக்கிறவங்க நெறைய பேரு, எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. ஆபரேஷனுக்கு அப்புறம் கால்சியம், வைட்டமின் டி, பி12, இரும்பு எல்லாம் ஆயுசுக்கும் போடணும், ரத்தப் பரிசோதனை அப்பப்ப பண்ணிப் பாக்கணும். எடை குறைஞ்சிருச்சு இனி எதுக்கு மாத்திரைன்னு நிறுத்தறவங்கதான் சில வருசம் கழிச்சு எலும்பு தேஞ்சு முதுகெலும்பு நொறுங்கற நெலைக்கு போறாங்க. கால்சியத்துலயும் சிட்ரேட்னு எழுதிக் குடுத்தா கடையில கார்பனேட் குடுத்து ரெண்டும் ஒண்ணுதான்பாங்க. நம்ம வயித்துல அமிலம் கம்மி, சிட்ரேட்தான் அமிலம் இல்லாமயே சேரும், கார்பனேட் சரியா சேராது. இரும்பு மாத்திரையும் கால்சியமும் சேர்த்து போடக்கூடாது, ரெண்டு மணி நேரமாச்சும் இடைவெளி வேணும்.

இப்ப சம்பந்தப்பட்டவங்களுக்கு உங்க பத்திரிகை மூலமா கேக்கறது இதுதானுங்க. இந்த ஆபரேஷன் பண்ற ஆஸ்பத்திரிங்க டிஸ்சார்ஜ் ஆகறப்ப தமிழ்ல, பெரிய எழுத்துல, சட்டைப்பையில வெக்கிற மாதிரி ஒரு கார்டு குடுங்க. இவங்களுக்கு என்ன ஆபரேஷன், எந்த வலி மருந்து குடுக்கக்கூடாது, எந்த நம்பருக்கு போன் பண்ணணும், அவ்வளவு இருந்தா போதும். நாளைக்கு ஒருத்தர் பைக்ல விழுந்து மயங்கிக் கெடந்தாலும் அந்த கார்டை பாத்துட்டு டூட்டி டாக்டர் டைக்ளோ ஊசிய கீழ வெச்சுருவாரு. பல் புடுங்க போனாலும் அதைத்தான் காட்டணும், ஏன்னா பல் டாக்டருங்களும் அந்த மாத்திரையத்தான் எழுதறாங்க. லட்சக்கணக்குல பேக்கேஜ் வாங்கறப்ப அதுல சர்ஜன் இருக்காரு, மயக்க டாக்டர் இருக்காரு, டயட்டீஷியன் இருக்காங்க, பிசியோதெரபிஸ்ட் மட்டும் பேருக்குத்தான். வார்டுல ஒரு தடவை வந்து மூச்சு ஊதற பந்து குடுத்துட்டு போறதோட சரி. எடை எறங்கற அந்த மொத ஒரு வருசத்துல மாசம் ஒரு தடவையாச்சும் பிசியோ பாக்கறதை பேக்கேஜ்லயே சேருங்க.

இன்சூரன்ஸ் கம்பெனிங்களுக்கும் ஒரு வார்த்தை. பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவுன்னு பாக்கற கணக்கு, 40க்கு மேல இருந்தா, இல்லைன்னா 35க்கு மேல இருந்து கட்டுப்படாத சர்க்கரை, தூக்கத்துல கடுமையான மூச்சடைப்பு மாதிரி வியாதி இருந்தா, இந்த ஆபரேஷனுக்கு கிளைம் கெடைக்க வழி இருக்கு, அதுக்கு நன்றி. ஆனா அதுக்கு அப்புறம் வெளிநோயாளியா போய் பாக்கற பிசியோதெரபிக்கு பில்லை நீட்டினா எனக்கு கெடையாதுன்னுட்டாங்க. லட்சக்கணக்குல ஆபரேஷனுக்கு குடுத்துட்டு, அந்த ஆபரேஷனோட பலன் நெலைக்கிறதுக்கான சில ஆயிரத்தை குடுக்க மாட்டேங்கிறது எந்த கணக்குல நியாயம்?

அரசாங்கம் 2021ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே வந்து பிசியோதெரபி குடுக்கறாங்க, பக்கவாதம் வந்த பெரியவர் ஒருத்தர் எங்க தெருவுல அதுல பலன் அடைஞ்சிருக்காரு. எடை குறைப்பு ஆபரேஷன் பண்ணி எந்திரிக்க முடியாம கெடக்கறவங்களையும் அந்த பட்டியல்ல சேர்க்கணும், வர்ற சுகாதார ஊழியருங்களுக்கு இந்த வலி மாத்திரை விஷயத்தை சொல்லிக் குடுக்கணும். மெடிக்கல் வெச்சிருக்கிற அண்ணனுங்களுக்கும் கையெடுத்து கேக்கறேன், டைக்ளோபெனாக் மாதிரி மருந்துங்க டாக்டர் சீட்டு இல்லாம குடுக்கக்கூடாத பட்டியல்ல இருக்குதுன்னு உங்களுக்கு தெரியாததா, முதுகுவலின்னு யார் வந்தாலும் "வயித்துல ஏதாச்சும் ஆபரேஷன் பண்ணியிருக்கீங்களா"ன்னு ஒரு கேள்வி கேட்டுட்டு குடுங்க.

உங்களுக்கும் ஒரு வேண்டுகோள் ஐயா. அடுத்த தடவை எடை குறைப்பு ஆபரேஷன் பத்தி உங்க மருத்துவப் பக்கத்துல கட்டுரை போடறப்ப, சர்ஜனோட பேட்டியோட ஒரு பிசியோதெரபிஸ்ட் பேட்டியும், போடக்கூடாத மாத்திரைங்களோட பேரை கட்டம் கட்டியும் போடுங்க. அந்த லோடு வண்டி அண்ணன் காலைல டீக்கடையில பேப்பர் படிக்கிறவருதான், அவரை மாதிரி எத்தனையோ பேரு படிப்பாங்க.

இப்படிக்கு,
தையல் கடை வாசகி,
கோபிசெட்டிபாளையம்.